வெற்றிலைப் பாக்கும் வாய்ப் புற்றுநோயும்: நம் குடும்பங்களோடு ஒரு பேச்சு

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி ஜார்ஜ்டவுனில் நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றைச் சொன்னார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவியது, திருமணத்துக்கு உதவியது, ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது மனம் நிறைந்தது. ஜனாஸாவுக்கு ஓடி வருகிற நாம், அதைச் சில ஆண்டுகளாவது தள்ளிப்போடக் கூடிய ஒரு காரியத்தையும் பேச வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டுக்கொண்டேன். அந்த வாய்ப்பைத் தந்த தலைவருக்கு நன்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மளிகை வியாபாரி. பாலிடெக்னிக்கில் மின்துறை டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடைக்கு வந்தவன். இன்று நான் சொல்லப்போகும் செய்திகள் மருத்துவர்களிடம் கேட்டவை, ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டவை. உங்கள் உடம்பைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் போக உங்களைக் கிளப்பிவிடுவதுதான் என் வேலை.

பாக்கு மரத்தின் தீவு

நாம் வாழும் தீவின் பெயரே பாக்குதான். பினாங் என்றால் மலாயில் பாக்கு. நம் மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் பாக்கு மரம். மலாய்க்காரர்கள் பெண் கேட்பதை 'மெமினாங்' என்று சொல்வதும் அந்தப் பாக்கிலிருந்து வந்த சொல்தான். நம் முன்னோர்களான சூலியா வணிகர்கள் அச்சேயில் விளைந்த பாக்கை இந்தத் துறைமுகத்தின் வழியாகச் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேற்றியவர்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்த 1801-ஆம் ஆண்டுக் காலத்தில் மிளகும் பாக்கும் இந்த ஊரின் பெரிய சரக்குகள்.

ஆகவே வெற்றிலைத் தட்டு நமக்கு வெறும் பழக்கம் அல்ல. நிச்சயதார்த்தத்தில் அது இருக்கும். நிக்காஹ் முடிந்தால் இருக்கும். நன்னியின் பக்கத்தில் வெற்றிலைச் செல்லமும் பாக்குவெட்டியும் படிக்கமும் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாம். பல் போன பெரியவர்களுக்குச் சிறு உரலில் வெற்றிலை இடித்துக் கொடுத்த பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ பேர் இருப்பீர்கள். அன்போடு கலந்துவிட்ட ஒன்றைப் பற்றிக் குறை சொல்வது எளிதல்ல. என்றாலும் சொல்லியாக வேண்டிய நிலை வந்திருக்கிறது.

நம் நாட்டுத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம். அதிலும் பெண்களிடம் அதிகம். உலகின் பல பகுதிகளில் இது ஆண்களின் நோய். சிகரெட், மது என்று காரணம் சொல்வார்கள். இங்கே சிகரெட்டையும் மதுவையும் தொடாத நம் தாய்மார்களுக்கு வருகிறது. 1993, 1994-ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் பெரியவர்களின் வாயைப் பரிசோதித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். புற்றுநோய்க்கு முந்தைய திட்டுகள் இந்தியர்களிடமும் சபா, சரவாக் பூர்வகுடிகளிடமும் கூடுதலாக இருந்தன. இந்த இரு தரப்பாருக்கும் பொதுவான பழக்கம் வெற்றிலைப் பாக்கு.

"புகையிலை தொட்டதில்லையே!"

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு மாதச் சாமான் வாங்க வரும் ஒரு மாமி. அவருடைய சீட்டு எனக்கு மனப்பாடம். மிளகாய்த்தூள் அரைக் கிலோ எப்போதும் இருக்கும். அது கால் கிலோ ஆனது. சில மாதங்களில் சீட்டிலேயே இல்லை. "என்ன மாமி, வீட்டில் காரத்தை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். "காரம் பட்டா வாய் எரியுது தம்பி. வயசாயிடுச்சுல்ல," என்றார். அன்று பேசும்போது அவர் வாயை முழுதாகத் திறக்காமல் பேசுவதையும் கவனித்தேன். அவர் மகன் எனக்குப் பள்ளித் தோழன். அவனிடம் சொன்னேன். அவன் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனான்.

கன்னத்தின் உட்பக்கம் இறுகிப்போயிருந்தது. கீழ் ஈறுக்கு அருகே கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அதில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கிவிட்டன என்று முடிவு வந்தது. திட்டை அகற்றினார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று மாமி நன்றாக இருக்கிறார்.

அன்று மருத்துவரிடம் மாமி கேட்ட கேள்வி: "நான் புகையிலை தொட்டதே இல்லையே! வெறும் வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சுண்ணாம்புதானே?"

இந்தக் கேள்வி நம் வீடுகளில் எல்லாரும் கேட்பது. பதில் 2004-இலேயே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும் என்று 1985-இலேயே சொல்லியிருந்தது. 2004-இல் வெளிவந்த அதன் முடிவு என்ன என்றால், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும். பாக்கு மட்டுமே தனியாகவும் தரும். சிகரெட் புகை இருக்கும் அதே முதல் வகைப் பட்டியலில்தான் பாக்கும் இருக்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சேராவிட்டால் ஆபத்தில்லை என்பது சரியல்ல.

மாமிக்கு இருந்த கன்ன இறுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். அவர் பார்த்த ஐந்து பேரும் கென்யாவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்கள். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருளும், பாக்கில் நிறைய இருக்கும் செம்புச் சத்தும் சேர்ந்து கன்னத்தின் உள் சதையில் நாரை வளர்த்து இறுக்கிவிடுகின்றன. முதலில் காரம் எரியும். பிறகு வாய் திறப்பது குறையும். அந்த வாயில் பிற்பாடு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கடல் கடந்து வந்த நம் மக்கள் பெட்டியோடு பழக்கத்தையும் கொண்டு போனார்கள். பழக்கத்தோடு நோயும் போனது.

பின் அடித்த பக்கங்கள்

மாமியின் செல்கள் "மாறத் தொடங்கிவிட்டன" என்றார்களே, எப்படி மாறின? ஒரு பாக்கு எப்படி ஒரு நல்ல செல்லைக் கெடுக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் படிக்கத் தொடங்கினேன். நாம் வியாபாரக் குடும்பங்கள். கணக்குப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு டிஎன்ஏ என்று பெயர். அதில் ஏறக்குறைய 20,000 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு மரபணு. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்ற குறிப்பு. கண்ணின் செல்லிலும் நாக்கின் செல்லிலும் ஒரே புத்தகம்தான். பிறகு எப்படிக் கண் கண்ணாகவும் நாக்கு நாக்காகவும் இருக்கின்றன? ஒவ்வோர் இடத்திலும் தேவையில்லாத பக்கங்களைப் பின் அடித்து மூடிவைத்திருக்கிறது உடம்பு. எழுத்து அப்படியே இருக்கும். திறந்து படிக்க முடியாது, அவ்வளவுதான். இறைவன் படைப்பின் ஏற்பாடு இது.

அந்தப் பின்னுக்கு மீத்தைல் என்று பெயர். ஒரு கரி அணு, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள். மிகச் சின்னது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை நெருக்கமாக ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். எழுத்து மாறாமல் படிப்பது மட்டும் மாறுகிற இந்தத் துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயர். 1942-இல் பிரிட்டனைச் சேர்ந்த வாடிங்டன் என்ற அறிஞர் வைத்த பெயர். 'எபி' என்றால் மேலே. எழுத்துக்கு மேலே விழும் அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அடையாளங்கள் வாழ்க்கை முழுவதும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஸ்பெயினில் 40 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள். சிறு வயதில் இருவரின் பின்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. வயது கூடக்கூட, வாழ்ந்த விதம் வேறுபட வேறுபட, பின்கள் விழுந்த இடங்களும் வேறுபட்டன.

சிக்கல் எங்கே வருகிறது? காவல் பக்கங்களில் பின் விழும்போது. நான்கு காவல்காரர்களைச் சொல்கிறேன். முதல் ஆள் பிரேக். செல் தேவையில்லாமல் பெருகும்போது நிறுத்துவது. பி16 என்பது அதன் பெயர். இரண்டாவது ஆள் மெக்கானிக். டிஎன்ஏவில் ஏற்படும் சேதத்தைச் சரி செய்வது. மூன்றாவது பசை. ஒரு செல்லை அடுத்த செல்லோடு பிடித்துவைப்பது. அது போனால் செல் இடம் விட்டு நகரும். நான்காவது, கெட்டுப்போன செல் தானே ஒதுங்கி மடிய வேண்டும் என்று உத்தரவிடுவது. வாய்ப் புற்றுநோய்த் திசுக்களில் இந்த நான்கு வகைக் காவலும் பின் அடித்து மூடப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சில நேரம் பக்கமே கிழிந்துபோவதும் உண்டு. கிழிவதும் மூடுவதும் சேர்ந்தே நடக்கின்றன.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அத்தாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று மூடினாலும் மற்றது வேலை செய்யும். இரண்டும் போனால்தான் காவல் போகும். அதனால்தான் இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் எடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாயின் உள்தோல் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. பழைய செல் பிரிந்து புதிய செல் வரும்போது புத்தகம் முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. கவனமான கணக்குப்பிள்ளை மாதிரி, எழுத்தை நகல் எடுப்பதோடு பழைய புத்தகத்தில் பின் இருந்த இடத்திலெல்லாம் புதிய புத்தகத்திலும் பின் அடிக்கிறது உடம்பு. இதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. ஆகவே தவறான இடத்தில் ஒருமுறை விழுந்த பின், செல்லுக்குப் பின் செல்லாகத் தொடர்கிறது.

பாக்கை ஒதுக்கி வைக்கும் கன்னத்தில் அரிக்கோலின் ஊறுகிறது. சுண்ணாம்பின் காரம் அந்த இரசாயன வேலையைக் கூட்டுகிறது. இடைவிடாத புண், அழற்சி, மறுபடி ஆறுதல் என்று செல்கள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. இந்தத் தொல்லைக்கு நடுவில்தான் தவறான இடங்களில் பின்கள் விழுகின்றன.

பக்கத்து நாட்டிலும் நம் நாட்டிலும் கண்டது

இது ஊகம் அல்ல. இலங்கையில் வெற்றிலைப் பாக்கு மெல்பவர்களின் வாயிலிருந்து எடுத்த திசுக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. அவை புற்றுநோய்த் திசுக்கள் அல்ல. அதற்கு முந்தைய நிலைத் திட்டுகள். பி14, பி15, பி16 என்ற மூன்று பிரேக் மரபணுக்களும் அந்தத் திட்டுகளிலேயே அதிகமாக மூடப்பட்டிருந்தன. அதாவது புற்றுநோய் என்ற பெயர் வருவதற்கு முன்பே, வலி வருவதற்கு முன்பே, பிரேக் கழன்றுவிடுகிறது.

சீனாவில் செய்து 2009-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. திட்டு உள்ளவர்களைப் பல காலம் தொடர்ந்து பார்த்தார்கள். பி16 மூடப்பட்டிருந்தவர்களின் திட்டுகளே கூடுதலாகப் புற்றுநோயாக மாறின.

நம் நாட்டில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வாய்ப் புற்றுநோய்த் திசுக்களில் ஏராளமான மரபணுக்களைச் சலித்துப் பார்த்ததில் பி16-ஓடு டிடிஏஎச்2, டியூஎஸ்பி1 என்ற வேறு இரண்டும் மூடப்பட்டிருந்ததை உறுதி செய்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலத்தில் வாய்ப் புற்றுநோய்க்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பில் டாக்டர் சியோங் சோக் சிங் தலைமையிலான குழு இந்த நோயை ஆராய்கிறது. கைப்பேசியில் வாயைப் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பும் 'மெமோசா' என்ற செயலியையும் அவர்கள் முன்னின்று உருவாக்கியிருக்கிறார்கள். இந்த நாட்டில் இந்தியர்களை அதிகம் தாக்கும் ஒரு நோய்க்காக மற்றவர்கள் இவ்வளவு உழைக்கும்போது, நாம் வாயைத் திறந்து காட்டவாவது வேண்டாமா?

பின்னைக் கழற்ற மருந்து உண்டா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். கிழிந்த பக்கத்தை ஒட்டுவது கடினம். பின்னைக் கழற்றுவது முடியக் கூடியது. அப்படிப்பட்ட மருந்து ஒன்றை ஒருவகை இரத்த நோய்க்கு அமெரிக்கா 2004-இலேயே அனுமதித்திருக்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. எச்சிலில் இந்தப் பின்களைக் கண்டுபிடிக்கும் சோதனையும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆகவே "மரபணுவைச் சுத்தம் செய்யும் கஷாயம்" என்று யாராவது கைப்பேசியில் அனுப்பினால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

டார்ச் லைட்டின் பலம்

இவ்வளவு நுட்பமான நோய்க்கு எதிராக நம் கையில் இன்று இருப்பது மிகச் சாதாரணமான ஒன்று. ஒரு டார்ச் லைட், இரண்டு கண்கள்.

கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 13 ஊராட்சிகள். 7 ஊராட்சிகளில் 35 வயதைக் கடந்தவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல. மற்ற 6 ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவம் மட்டும். முடிவு 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட ஊராட்சிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததில் கிடைத்த பலன்.

நம் நாட்டில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வலித்தால் போகலாம் என்று இருக்கிறார்கள். இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. சில தாய்மார்கள் கறை பிடித்த பல்லைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள். சிலர் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மறைக்கிறார்கள். அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் சொற்பம். சிலர் "விதித்தது நடக்கும்" என்கிறார்கள். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானது அல்ல என்று நம் ஆலிம்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைச் சரிபார்ப்பது நம் கடமை.

வீட்டிலேயே செய்யக் கூடியதைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை போதும். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதட்டை மடித்துப் பாருங்கள். இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்து உட்புறம் பாருங்கள். பாக்கு ஒதுக்கும் பக்கத்தை நன்றாகப் பாருங்கள். நாக்கை நீட்டி, இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். அண்ணாந்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். கழுத்தின் இரு பக்கமும் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம்.

துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, காரம் பட்டால் எரிச்சல், விழுங்கச் சிரமம். இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் போங்கள். போனதும், "நான் வெற்றிலைப் பாக்கு போடுகிறேன், வாயை முழுதும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். பல் ஒன்றுகூட இல்லாதவர்களும் போக வேண்டும். பல் இல்லாத வாயிலும் இந்த நோய் வரும்.

பழக்கத்தை விடுவது பற்றி ஒரு வார்த்தை. நாற்பது ஆண்டு போட்டவர் இனி விட்டு என்ன பயன் என்பார். பயன் உண்டு. நிறுத்தினால் புற்றுநோய் அபாயம் குறைகிறது என்பது பன்னாட்டு முகமையின் மதிப்பீடு. இறுகிய கன்னம் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். ஆனால் புதிதாகப் பின் அடிக்கும் கை நிற்கிறது. நிறுத்தியவரும் வாயைத் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அவர்களைத் திட்டாதீர்கள். பாக்குக்கும் ஒருவகை அடிமைத்தனம் உண்டு. மாமிக்கு விட்டுவிட ஆறு மாதம் பிடித்தது. கிராம்பு, ஏலக்காய், சோம்பு என்று வாய்க்கு வேறு வேலை கொடுத்தார் அவருடைய மருமகள். அன்போடு தொடங்கிய பழக்கத்தை அன்போடுதான் விடுவிக்க முடியும்.

நமக்குள் சில வேண்டுகோள்கள்

முதல் வேண்டுகோள் என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு. லிட்டில் இந்தியாவில் பினாங்கு வீதியிலும் அதைச் சுற்றிலும் நம் கடைகள் நிறைய. வெற்றிலையும் பாக்கும் நமக்குச் சரக்கு. பெரியவர்கள் கேட்டு வாங்கும் கொட்டைப்பாக்கு ஒருபுறம் இருக்கட்டும். இனிப்பும் வாசனையும் நிறமும் சேர்த்துச் சிறு பாக்கெட்டில் வரும் சீவல், மிட்டாய் போல் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறது. நாற்பது ஐம்பது வயதில் வர வேண்டிய ஆபத்தைப் பதினைந்து வயதில் தொடங்கிவைக்கும் பொருள் அது. சென்ற ஆண்டு என் தம்பியோடு பேசி எங்கள் கடையில் அந்தப் பாக்கெட்டுகளை நிறுத்தினோம். சில வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அந்த வருமானம் போனது போனதுதான். அதைச் சொல்லாமல் உங்களைக் கேட்பது நியாயமில்லை. எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் நட்டம் தனியாக இராது. வியாபாரிகள் கூடும்போது இதைப் பேசுவோம்.

இரண்டாவது, திருமண வீட்டாருக்கு. விருந்தினரை வரவேற்கும் தட்டில் பேரீச்சம்பழமும் ஏலக்காயும் கற்கண்டும் இருந்தால் மரியாதை குறைந்துவிடாது. வெற்றிலைத் தட்டு சடங்குக்கு இருக்கட்டும், வாய்க்கு வேண்டாம்.

மூன்றாவது, சங்கத்துக்கு. ஆண்டுக்கு ஒரு நாள், வாய் பரிசோதனை நாள் என்று வைப்போம். அரசாங்கப் பல் கிளினிக்கையோ, கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பல் மருத்துவக் கழகத்தையோ அணுகிக் கேட்போம். பெண்களுக்குத் தனி அறையும், பெண் மருத்துவரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். அப்படி இருந்தால்தான் நம் நன்னிமார்கள் வருவார்கள். அழைத்துவர வண்டிகளை இளைஞர்கள் ஏற்பாடு செய்யட்டும்.

நான்காவது, இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நன்னா, நன்னியின் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியில் வெளிச்சம் இருக்கிறது. "ஆ காட்டுங்க நன்னி" என்று கேளுங்கள். உங்கள் தொண்டை வலிக்கு அவர்கள் எத்தனையோ முறை அப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள்தான்.

மூடிய பக்கம் சத்தம் போடாது. வலிக்காது. அதற்குப் பதிலாகச் சத்தம் போட வேண்டியது நாம். வெள்ளைத் திட்டாக இருக்கும்போது பார்த்துவிட்டால் பெரும்பாலும் சிறு சிகிச்சையில் முடியும். தாமதித்தால் தாடையையும் நாக்கையும் இழக்க நேரும், உயிரையும் இழக்க நேரும்.

அடுத்த ஐம்பது ஆண்டு விழாவில் இந்த மேடையில் நிற்கப்போகும் பிள்ளைகளோடு, அவர்களை இங்கே அழைத்து வந்த பெரியவர்களும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த ஆரோக்கியத்தோடும் வாழ வல்ல இறைவன் அருள் புரிவானாக. நோயுற்றிருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு அவன் ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.